பச்சை மை படாத கை

பன்னிரண்டு விடைத்தாளில் பதினொன்று உறைக்குள் போய்விட்டது, ஒன்று மட்டும் போகவில்லை. அது இசக்கியம்மாளின் மேசை ஓரத்தில், அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில், நடுவில் ஒரு துண்டுக் காகிதம் செருகியபடி கிடந்தது. ஆவுடையப்பன் அதைப் பார்த்தார். பார்க்காததுபோல ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே சங்கரன்கோவில் வெயிலும் ஒரு வேப்பமரமும் நிறுத்தி வைத்த பள்ளிக்கூட வேன் ஒன்றும்தான் இருந்தன, அதையெல்லாம் எவ்வளவு நேரம் பார்ப்பது, மறுபடியும் அந்தத் தாளையே பார்த்தார். அவர் திருத்திய தாள்தான், சந்தேகமே இல்லை. கூட்டுத்தொகையை எழுதிவிட்டு அடியில் மீன்வால் மாதிரி ஓர் இழுப்பு இழுப்பார், அந்த இழுப்பு இந்த அறையில் வேறு எவனுக்கும் வராது. எண் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் மறைந்திருந்தது, சிவப்பு வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. துண்டுக் காகிதம் எதற்கு? புத்தகத்தில் படித்த இடம் தெரிய வைக்கிற மாதிரி செருகியிருக்கிறாள். அப்படியென்றால் உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கம். அந்தப் பக்கத்தில் ஏதோ ஒன்று. மணி பதினொன்று பத்து. சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் கிடக்கிறது, அவருக்கோ வேலை இல்லை, ஏனென்றால் எப்போதும்போல அவர்தான் முதலில் முடித்தார். முதலில் முடித்ததில் அதுவரை ஒரு பெருமை இருந்தது. இப்போது சும்மா உட்கார்ந்து அந்த வாலைப் பார்க்கத்தான் அது உதவிற்று.

விஷயம் தெரியாதவர்களுக்கு இது ஒன்றுமில்லாத காரியமாகப் படும். பிளஸ் டூ இயற்பியல் விடைத்தாள் திருத்தும் முகாமின் ஒன்பதாம் நாள் அது. மேசைக்கு ஆறு ஆசிரியர்கள், ஆறு பேருக்கு மேலே ஒரு சீஃப், அதாவது தலைமைத் தேர்வாளர். ஆளுக்குக் காலையில் பன்னிரண்டு தாள், மதியம் பன்னிரண்டு தாள், அதற்கு மேல் ஒன்றுகூடத் தரமாட்டார்கள். தாளில் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, ஓர் எண் மட்டும். ஆசிரியர்கள் சிவப்பு மையில் திருத்துவார்கள், சீஃப் புரட்டிப் பார்த்து, மாற்ற வேண்டியிருந்தால் பச்சை மையில் மாற்றிக் கையெழுத்துப் போடுவார். பச்சை விழுந்தால் பதிவேட்டில் ஏறும். அரை மார்க், ஒரு மார்க் என்றால் யாரும் கண்டுகொள்வதில்லை, பெரிய மாற்றமாக இருந்தால் முகாம் அலுவலர் கூப்பிட்டு விளக்கம் எழுதி வாங்குவார். எல்லார் தாளிலும் பச்சை விழும், மனுஷன் கைதானே. ஆவுடையப்பன் தாளில் மட்டும் விழுந்ததில்லை. பத்தாம் வகுப்பு முகாம்களையும் சேர்த்தால் இருபத்தாறு வருஷம். "நம்ம தாள்ல பச்சை கிடையாதுல்லா" என்று டீ குடிக்கும்போது சொல்வார், யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார். வேகத்திலும் அவரை அடிக்க ஆளில்லை. பையன்கள் எழுதாமல் விட்ட வெற்றுப் பக்கங்களைச் சிவப்புக் கோடு போட்டு அடிக்க வேண்டும் என்பது விதி, பின்னால் யாரும் எதையும் எழுதிச் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக. மற்றவர்கள் பக்கம் பக்கமாக நிறுத்தி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கோடு போடுவார்கள். ஆவுடையப்பன் இடது கட்டைவிரலால் பக்கங்களைச் சரசரவென்று தள்ளுவார், வலது கை சர், சர் என்று கோடு இழுத்துக்கொண்டே போகும், கண் எங்கே வேண்டுமானாலும் இருக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுவேன் என்பார். அதைப் பார்ப்பதற்கென்றே பக்கத்து மேசையிலிருந்து சின்ன ஆசிரியர்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள் ஒரு வருஷம். நிற்காமலா?

அந்த அறுபத்தொன்பது மார்க் தாளாகத்தான் இருக்கும் என்று முடிவுசெய்தார். எழுபதுக்கு அறுபத்தொன்பது. முத்து முத்தான கையெழுத்து, பையனோ பெண்ணோ, படிப்பாளிதான், ஆனால் ஒரு கணக்கில் விடைக்குப் பின்னால் அலகு போடவில்லை, ஒரு மார்க்கைக் குறைத்தார். அலகு இல்லாத எண் முகவரி இல்லாத கடிதம், இதை அவர் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வார். அந்த ஒரு மார்க்கைக் கொடுத்துவிடலாமே என்று இசக்கியம்மாளுக்குத் தோன்றியிருக்கும். பாவம் பார்க்கிற ஜாதி. முழு மார்க் கெட்டுப்போகிறதே என்று இளகியிருப்பாள். கூப்பிடட்டும். கூப்பிட்டால் சொல்வதற்கு அவரிடம் இருக்கிறது, அலகு என்றால் என்ன, அது ஏன் விடையின் பாதி, அளவிடுதல் என்ற காரியம் எங்கே தொடங்குகிறது என்பதிலிருந்து சொல்வார், மேசையில் மற்றவர்களும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள், அவள் தலையாட்டுவாள், புரிந்ததுபோலத் தலையாட்டுவாள், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதுகூட இப்போதே தெரிந்தது. ஆனால் கூப்பிடவில்லையே. காலையிலிருந்து மற்றவர்களைக் கூப்பிட்டாள். மூன்றாவது ஆளை ஒரு தடவை, பக்கத்து நாற்காலி பால்துரையை இரண்டு தடவை, "சார், இங்க அரை மார்க் விட்டுருக்கீய" என்று சாதாரணமாகக் கூப்பிட்டாள், அவர்களும் தலையைச் சொறிந்துகொண்டு போய்வந்தார்கள். இவரை மட்டும் கூப்பிடாமல், இவருடைய தாளை மட்டும் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறாள். கூட்டை நகர்த்தினாளா? இல்லை, தண்ணீர் பாட்டிலைத்தான் எடுத்தாள்.

இசக்கியம்மாள். சீஃப் என்று ஒரு நாற்காலி போட்டு அதில் இசக்கியம்மாள் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் கல்வித்துறை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் அவருக்குக் கீழே, கீழே என்றால் பதவியில் இல்லை, இரண்டு பேரும் ஒரே பதவிதான், ஆனால் அவர் எட்டு வருஷம் மூத்தவர், அந்த வகையில் கீழே வந்து சேர்ந்தவள். ரப்பர் செருப்பு. இரண்டு சேலை, மாற்றி மாற்றி. வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறவள், இவளும் காலையில் ஒரு கட்டு சுற்றிப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவாள், விரல்நுனியில் புகையிலை வாசம் வருமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம், அவள் கொடுத்த மிக்சரை ஒரு தடவைகூட வாங்கித் தின்றதில்லை. இன்றைக்கும் கூட்டல் போடும்போது உதட்டை அசைக்கிறாள். மூணும் நாலும் ஏழு, ஏழும் ரெண்டும் ஒம்பது, உதடு அசைகிறது, ஆறு பேருக்கு மேல் உட்கார்ந்துகொண்டு உதடு அசைகிறது. அவளை மேடம் என்று கூப்பிட வேண்டும். பால்துரை கூப்பிடுகிறான், எல்லாரும் கூப்பிடுகிறார்கள். ஆவுடையப்பன் ஒன்பது நாளாக எப்படியும் கூப்பிடாமல் ஓட்டிவிட்டார், இருமுவார், இல்லாவிட்டால் தாள்கட்டை அவள் மேசையில் சத்தம் வருகிற மாதிரி வைப்பார். பதவி மூப்பு. அந்த இரண்டு வார்த்தையில் இருக்கிறது அத்தனையும். அவள் முதுநிலை ஆசிரியர் தேர்வு எழுதி நேராக மேலே போய்விட்டாள், இவர் அதே பதவிக்கு வரிசையில் நின்று பதவி உயர்வில் வந்து சேர்ந்தபோது பதினொரு வருஷம் ஆகியிருந்தது. பதினொரு வருஷத்தில் அவள் என்ன, எட்டாம் வகுப்புப் பையன் டாக்டராகிவிடுவான். காலையில் பத்து மணிக்கு முகாம் அலுவலர் வந்தார், நேராக அவள் மேசைக்குத்தான் வந்தார், "மேடம், உங்க டேபிள பாத்துத்தான் மத்தவங்களை நான் ஏசுறேன்" என்று சொல்லிச் சிரித்தார், அவளுடைய பதிவேட்டைத் தூக்கி மற்ற மேசைகளுக்குக் காட்டினார். அவள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "எல்லாம் சார்மாருதான்" என்றாள். ஆவுடையப்பன் தாளைத் திருத்திக்கொண்டே அதை முழுக்கப் பார்த்தார், ஒரு இமைப்பு விடாமல் பார்த்தார். பொறாமை என்று அவர் அதைச் சொல்லமாட்டார். அநியாயம் என்பார், தகுதிக்கு மதிப்பில்லை என்பார், காலம் கெட்டுப்போச்சு என்பார். நாம் பொறாமை என்றே சொல்லிக்கொள்ளலாம், அடிவயிற்றில் பச்சை மிளகாயை அரைத்துப் பூசிய மாதிரி எரிகிறதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது.

"என்ன அண்ணாச்சி, பேனா மூடிய மென்னு தின்னுருவீய போல?" பக்கத்தில் பால்துரை. இன்னும் மூன்று தாள் பாக்கி வைத்திருந்தான், அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லாத முகம்.

"பசி" என்றார் ஆவுடையப்பன்.

"மேடம் உங்க தாள் ஒண்ண எடுத்து வச்சிருக்காங்க, பாத்தீயளா?"

"எந்தத் தாள்?"

"அந்தா, கண்ணாடிக் கூட்டுக்கு அடியில. நானும் அப்ப பிடிச்சுப் பாக்கேன். பச்சை படாத கையில்லா, திருஷ்டி கழிக்க வச்சிருக்காங்களோ என்னமோ." சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குக் குனிந்து திருத்த ஆரம்பித்துவிட்டான்.

ஆக, அவனுக்கும் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் மேசை முழுக்கத் தெரிந்திருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அடுத்த மேசைக்குப் போகும், நாளைக்குத் தென்காசி, நாளை மறுநாள் திருநெல்வேலி. ஆவுடையப்பன் தாளிலேயே பச்சையாம். சிரிப்பார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஒருவன் ஆறுதல் சொல்வான், அந்த ஆறுதல்தான் தாங்காது. பொறு, பொறு. சறுக்கியது என்று யார் சொன்னது? நல்லதாகவும் இருக்கலாமே. இப்படித் திருத்த வேண்டும் என்று மற்றவர்களுக்குக் காட்டுவதற்காக எடுத்து வைத்திருக்கலாம், ஒவ்வொரு படிநிலைக்கும் அவர் மார்க் பிரித்துப் போடுகிற அழகுக்காக. மதியம் முகாம் அலுவலர் வரும்போது எடுத்து நீட்டுவாள், சார் இதப் பாருங்க, இவுக தாள்தான் எங்க மேசைக்கு உரைகல்லு என்பாள். அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அலுவலர் கை கொடுக்கிறார், இவர் அதெல்லாம் ஒன்றுமில்லை சார் என்கிறார், அவ்வளவு தூரம் போய்விட்டது நினைப்பு. போன வேகத்தில் ஓர் இடத்தில் இடறிற்று. பாராட்ட வைத்த தாளை எதற்கு மூடி வைக்க வேண்டும்? அவளுக்கு அவரைப் பாராட்டுவதற்கு என்ன வந்தது? அவளுக்கு அவரைப் பற்றி என்ன தெரியும்? இந்தக் கடைசிக் கேள்வி மட்டும் வரக்கூடாது என்று அவர் எப்போதும் ஒரு கல்லைத் தூக்கி அதன் மேல் வைத்திருப்பார். இன்றைக்குக் கல் நகர்ந்துவிட்டது.

அந்தத் தேர்வு. "நான் அதெல்லாம் எழுதல, இந்த வயசுல போயி வட்டத்தைக் கறுப்பாக்கிக்கிட்டு இருக்கச் சொல்லுதீரா?" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். அது பொய்யில்லை. அவர் எழுதவில்லைதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இசக்கியம்மாள் திருநெல்வேலிக்கு விண்ணப்பம் வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது, எழுது, எழுது, அனுபவமாவது கிடைக்கும் என்று சிரித்தார். அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி, ஒண்ணு கூட வாங்கிட்டு வாம்மா, எங்க மச்சினன் ஒருத்தன் கேட்டான் என்றார். அவள் இரண்டு வாங்கி வந்தாள். அதை இரவோடு இரவாகப் பூர்த்தி செய்து அடுத்த ஊர் தபால் ஆபீஸில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மூன்று மாதம் கழிவறையில் உட்கார்ந்து படித்தார். மனைவியிடம் மதுரையில் ஒரு கல்யாணம் என்றார், பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு போனார், போன இடத்தில் எண்ணைத் தேடி, அறையைத் தேடி, வாசலில் போய் நின்றால் மூன்றாவது வரிசையில் அவளுடைய முதுகு. ஒற்றைச் சடை, அந்த ஊதாச் சேலை, இரண்டில் ஒன்று. அவளுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு காலி. ஒரே கையால் வாங்கிய இரண்டு விண்ணப்பம், அடுத்தடுத்த எண், அடுத்தடுத்த இடம். இயற்பியல் படித்த மனுஷனுக்கு இது முன்கூட்டியே தோன்றவில்லை பாருங்கள். அந்த முதுகுக்குப் பின்னால் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். உட்காரலாம், அதுகூட ஒன்றுமில்லை. உட்கார்ந்து எழுதி, அவள் பாஸாகி, அவர் ஆகாமல் போனால்? அவள் அறிய, அவள் ஒருத்தி அறிய அவர் ஆகாமல் போனால்? காலடியில் தரை அப்படியே இருந்தது, ஆனால் கால் திரும்பிவிட்டது. மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் நாலு மணி வரை உட்கார்ந்திருந்தார். கல்யாணச் சாப்பாடு எப்படி என்று மனைவி கேட்டதற்கு, பாயசத்தில் முந்திரி கம்மி என்றார். அன்றையிலிருந்துதான் அவள் உதடு அசைத்துக் கூட்டுவது அவர் கண்ணில் பட ஆரம்பித்தது. எழுதியிருந்தால் அவரும் ஆகியிருப்பார், அவளுக்கு மேலே மார்க் வாங்கியிருப்பார், அதில் சந்தேகமில்லை, எழுதாத பரீட்சையில் அவரை யாரும் தோற்கடிக்க முடியாது. எழுதாத பரீட்சையில்தான் அவர் இருபத்திரண்டு வருஷமாக முதல் மார்க். அவள் அன்றைக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தாளா? முதுகுதான் தெரிந்தது, முதுகுக்குக் கண் கிடையாது. அவர் வாசலில் நின்றது எவ்வளவு நேரம், ஒரு மூச்சு, இரண்டு மூச்சு.

இப்போது அவள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினாள். கூட்டைத் தொடவில்லை. அவர் அவளிடம் குற்றம் தேட ஆரம்பித்தார். பதிவேட்டில் வரிசை எண் தப்பாகப் போடமாட்டாளா, உறையை ஒட்ட மறக்கமாட்டாளா, ஒரு தாளைப் புரட்டாமல் விடமாட்டாளா. ஒன்று கிடைத்தால் போதும், வைத்துக்கொள்வார், அவள் கூப்பிடும்போது எடுத்து நீட்டுவார், அப்புறம் யார் யாருக்கு விளக்கம் எழுதுவது என்று பார்க்கலாம். ஒரு மணி நேரம் பருந்து மாதிரி பார்த்தார். அவள் ஒவ்வொரு தாளையும் கடைசிப் பக்கம் வரை திருப்பினாள், வெற்றுப் பக்கத்தையும் திருப்பினாள், நாக்கில் விரலை வைத்து, உதட்டை அசைத்து, ஒரு பிழையும் செய்யாமல் மெதுவாகச் செய்துகொண்டே போனாள். புத்தியில்லாதவர்கள்தான் இவ்வளவு நிதானமாக இருப்பார்கள் என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். சொன்ன பிறகும் எரிச்சல் குறையவில்லை, கொஞ்சம் கூடிற்று.

மணி அடித்தது. டிபன் பாத்திரங்கள் சத்தமிட்டன, நாற்காலிகள் தேய்ந்தன, பால்துரை போகிற போக்கில் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அறை காலியாயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை.

"சார், ஒரு நிமிஷம் வாரீயளா?"

போனார். உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தார்: "அலகு போடலைன்னா மார்க் கிடையாது. விடைக்குறிப்புலயே இருக்கு. அலகு இல்லாத எண்ணுன்னா..."

"அது சரிதான் சார். அந்தத் தாள் உறைக்குள்ள போயிட்டுது. இது வேற."

கண்ணாடிக் கூட்டை நகர்த்தினாள். மீன்வாலுக்கு மேலே எண் தெரிந்தது. பன்னிரண்டு. எழுபதுக்குப் பன்னிரண்டு, பாஸாகப் பதினைந்து வேண்டும். தோற்றுப்போகிற தாள்களை சீஃப் ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டும் என்பது விதி, அது அவருக்கு ஒன்றரை மணி நேரமாக ஞாபகம் வரவே இல்லை, அவர் நினைப்பு முழுக்க அறுபத்தொன்பதிலேயே இருந்தது. இந்தத் தாளை நினைவிருந்தது. கோழி கிளறிய கையெழுத்து. கேள்வியையே விடையாக எழுதி வைத்திருந்தது. "இதெல்லாம் எதுக்குவே படிக்க வருது" என்று பால்துரையிடம் சொன்னது நினைவிருந்தது. துண்டுக் காகிதம் இருந்த இடத்தில் அவள் பிரித்தாள். அதற்கு முன்னால் ஆறு பக்கம் வெறுமையாக இருந்தது, ஆறிலும் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு. ஏழாவது பக்கம் வெறுமையாக இல்லை. வான் டி கிராஃப் மின்னியற்றி. பென்சிலில் படம், இரண்டு கப்பி, நடுவில் பட்டை, மேலே பெரிய கோளம், கோளம் கொஞ்சம் கோணல், அழித்து அழித்து வரைந்ததில் தாள் மெலிந்திருந்தது. கீழே அதே கோழிக் கையெழுத்தில் பதினோரு வரி. படத்தின் மேலும் பதினோரு வரியின் மேலும் மூலைக்கு மூலை அவருடைய சிவப்புக் கோடு, நடுக்கமில்லாத கோடு. எட்டாவது தாள். மணி பத்து. முகாம் அலுவலர் அவள் மேசையருகில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார், அவள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள், இவர் கண் அங்கே இருந்தது, கை இங்கே கோடு போட்டுக்கொண்டிருந்தது.

"அஞ்சுக்கு நாலு மார்க் வரும் சார்" என்றாள் அவள். "படத்துல ஒரு இடத்துக்குப் பேரு எழுதாம விட்டிருக்கு, அதுக்கு ஒண்ணு போச்சு. பன்னெண்டும் நாலும் பதினாறு, பிள்ளை பாஸாயிரும். நான் இன்னும் பச்சைய தொடல. நீங்களே செவப்புல நாலு போட்டு, கூட்டுத்தொகைய மாத்தி, பக்கத்துல சின்னதா ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. என்கிட்ட வாரதுக்கு முந்தியே நீங்க பாத்துத் திருத்துன மாதிரி இருக்கட்டும். பதிவேட்டுல ஏற வேண்டாம். அதான் எல்லாரும் சாப்பிடப் போகட்டும்னு இருந்தேன்."

நன்றி என்பது அவருக்கு வரவில்லை, கோபம்தான் வந்தது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பார், எல்லார் முன்னாலும் கூப்பிட்டுக் காட்டியிருந்தால்கூட அவளுடைய சின்னப்புத்தி என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். இது என்ன, தானமாகத் தூக்கிக் கொடுக்கிறாள். கொடுக்கிறவள் மேலே இருக்கிறாள், வாங்குகிறவன் எங்கே இருப்பான்? இனிமேல் டீ குடிக்கும்போது நம்ம தாள்ல பச்சை கிடையாது என்று சொன்னால், அவள் ஒரு ஓரமாக டம்ளரைக் கழுவிக்கொண்டிருப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். அந்தச் சொல்லாமல் இருப்பதை அவர் ஆயுசுக்கும் சுமக்க வேண்டும். தாளை அவள் பக்கமே தள்ளிவிட்டு, "வேண்டாம்" என்றார். "பச்சையிலயே போடுங்க. விதின்னா எல்லாருக்கும் விதிதான்." சொன்ன மாத்திரத்தில் உள்ளே ஒரு குளிர்ச்சி பரவிற்று. வேறு எவன் சொல்வான் இப்படி? பால்துரை சொல்வானா? கிடைத்தது போதும் என்று வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடியிருப்பான். தலை தானாக நிமிர்ந்தது.

அவள் பச்சைப் பேனாவைத் திறந்து, கோட்டுக்குப் பக்கத்தில் நாலு என்று எழுதினாள், முகப்பில் பன்னிரண்டை அடித்துப் பதினாறு என்று எழுதினாள். எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், ஏதோ பழைய பஸ் நேரத்தைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"நீங்க எப்பவும் இப்படித்தான் சார். கைக்கு வாரத வேண்டாம்னு போயிருவீய. மதுரையிலயும் அப்படித்தான் பண்ணீய."

"மதுரையில என்ன?"

"பரீட்சைக்கு. எனக்குப் பின்னால பெஞ்சு காலியாக் கெடந்துது. மணி அடிக்க வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே இருந்தேன், வருவீயன்னு. சூப்பர்வைசர்கூட ஏசுனாரு, என்னம்மா பின்னால பாக்கன்னு. ரெண்டு பென்சில் சீவி வச்சிருந்தேன், ஒண்ணு உங்களுக்கு."

"அது... மச்சினனுக்கு வாங்குன ஃபாரம்லா."

"உங்க வீட்டு அக்காவுக்குக் கூடப் பெறந்தவங்க யாரும் கிடையாதே சார்."

குத்திச் சொன்னதாக இல்லை. அதுதான் வினை. மையை ஊதினாள், உதட்டைக் குவித்து இரண்டு தடவை ஊதினாள். "வந்து எழுதியிருந்தா எனக்கு முந்தி நீங்க பாஸாயிருப்பீய. யாரு கேட்டாலும் இன்னைக்கும் நான் அதத்தான் சொல்லுதேன்." தாளை மூடினாள். "வாங்க, சாப்பிடுவோம். மணியாச்சு."

அவளுக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். விண்ணப்பத்தை அவர் கையில் கொடுத்தபோதே தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அவர் மேலே நின்று அவளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்றால், அவர் நின்ற ஏணியை அவள்தான் கீழே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள், ஒரு நாள் கையை எடுத்திருந்தால் போதும். ஆவுடையப்பன் டிபன் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எலுமிச்சை சாதம். அப்படியே மூடி வைத்தார். இரண்டு மணிக்கு முகாம் அலுவலர் கூப்பிட்டு அனுப்பினார், போனார், விளக்கம் எழுதிக் கொடுத்தார். கவனக்குறைவால் நேர்ந்தது என்று எழுதினார், கவனம் எங்கே இருந்தது என்று எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. திரும்பி வரும்போது நடையில் நின்ற இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். மேசைக்கு வந்தார். பன்னிரண்டு புதுத் தாள் காத்திருந்தது.

முதல் தாளைத் திருத்தினார். எழுதியது முடிந்து வெற்றுப் பக்கம் வந்தது. கட்டைவிரல் பழக்கத்தில் தள்ளப் பார்த்தது, நிறுத்தினார். ஒரு பக்கத்தைத் திருப்பினார், மேலிருந்து கீழே பார்த்தார், ஒன்றுமில்லை, கோடு போட்டார். அடுத்ததைத் திருப்பினார். ஒன்றுமில்லை. அதற்கடுத்தது. தாளின் பின்புறம் எழுத்து தெரிகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிக்கூடப் பார்த்தார். இரண்டாவது தாள் முடிவதற்குள் மூன்று மணி ஆகிவிட்டது. அந்த அறையிலேயே அவர்தான் கடைசி.

"என்ன அண்ணாச்சி" என்றான் பால்துரை, மதியம் நடந்தது தெரிந்திருந்தும் தெரியாத முகத்தோடு, "ஒண்ணுமில்லாத பக்கத்துல எதத் தேடுதீய?"

ஆவுடையப்பன் அடுத்த வெற்றுப் பக்கத்தைத் திருப்பினார், வரி வரியாகப் பார்த்தார். பிள்ளைகளின் வாழ்க்கையில்லையா. வேறு எவன் பார்க்கிறான் இப்படி? இவன் பார்க்கிறானா? எழுதின பக்கத்தையே இவன் ஒழுங்காகப் பார்ப்பதில்லை, வெற்றுப் பக்கத்தையா பார்க்கப்போகிறான்? இந்த முகாமில் இத்தனை மேசை, இத்தனை பேர், வெற்றுப் பக்கத்தைக்கூட இவ்வளவு பொறுப்பாகப் படிக்கிறவர் ஒருத்தராவது உண்டா? அவருக்குத் தெரிந்து இல்லை. அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. இன்னும் மெதுவாக, நாக்கில் விரலை வைத்து, அடுத்த பக்கத்தைத் திருப்பினார், திருப்பிவிட்டு ஓரக்கண்ணால், இசக்கியம்மாள் தன்னைப் பார்க்கிறாளா என்று பார்த்தார்.